மாத்திரை கணையத்தைப் பிழிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 56. மும்பைப் புறநகர் டோம்பிவிலியில் குடியிருக்கிறேன். ஃபோர்ட்டில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கணக்கு வேலை. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் எஸ்ஆர் 500 மி.கி., வோக்லிபோஸ் 0.2 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. காலை ஆறேகாலுக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு லோக்கலைப் பிடிக்க ஓடுவேன். ஒன்பதரை மணிக்கு மேல் ஆபீஸில்தான் டப்பாவைத் திறப்பேன். இரண்டு மாதத்தில் மூன்று தடவை, ரயிலில் இருக்கும்போதோ இறங்கும்போதோ உடம்பு உதறி, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டிவிட்டது. சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டும் தெளிய அரை மணிக்கு மேல் ஆனது. கடைசி ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) 6.4. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "இந்த மாத்திரை கரும்பு மிஷின் மாதிரி கணையத்தைப் பிழிஞ்சு சக்கையாக்கிரும். ரெண்டு வருஷத்துல ஊசிதான்" என்றார். பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்தினேன். பத்து நாளில் ஃபாஸ்டிங் 212. ஸ்டேஷன் பக்கத்தில் வேறு டாக்டர், சிட்டாகிளிப்டினும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை எழுதித் தந்தார். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை. இதுவும் கணையத்தைப் பிழிகிற மாத்திரைதானா?

என் அம்மாவுக்கு 74. ஊரில் எழுதிய பழைய சீட்டுப்படி கிளிபென்கிளமைடு 5, மெட்ஃபார்மின் 500 சேர்ந்த மாத்திரையை இரண்டு வேளையும் போடுகிறார். கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) 1.6. சில நாள் சாயங்காலம் என்னை, இறந்துபோன பெரிய மாமா பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். அவருக்கும் மாத்திரையை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து நாளாக மாத்திரையே இல்லாமல் இருக்கிறீர்கள். இனி ஒரு நாளும் அப்படி இருக்க வேண்டாம். புதிய டாக்டருக்கு மூன்று தடவை லோ ஆன, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிய விஷயம் தெரியுமா, பழைய மாத்திரையின் அட்டையைப் பார்த்தாரா, உங்கள் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்டாரா என்பதெல்லாம் கடிதத்தில் இல்லை. தெரியாது என்றால் இன்றைக்கே போனில் சொல்லிவிட்டு, அவர் எழுதியதை ஆரம்பியுங்கள். பழைய அட்டையில் இன்னும் மாத்திரை மிச்சம் இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். மெட்ஃபார்மின் இரட்டிப்பாகும், சிட்டாகிளிப்டினும் முழு அளவு கிளிமிபிரைடும் சேர்ந்தால் லோ ஆவது இன்னும் கூடும்.

இனி அண்ணாச்சி சொன்னதற்கு வருவோம். அதில் பாதி சரி. நீங்கள் போட்டுவந்த மூன்றில் கிளிமிபிரைடு ஒன்றுதான் கணையத்தை அழுத்தி இன்சுலினை வெளியே தள்ளுகிற மருந்து. மெட்ஃபார்மின் கணையத்தைத் தொடுவதில்லை; ராத்திரி முழுக்க ஈரல் ரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே இருப்பதைக் குறைப்பதுதான் அதன் முக்கிய வேலை. வோக்லிபோஸ் ரத்தத்துக்குள் போவதே மிகக் குறைவு. சிறுகுடலில் மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. மூன்றையும் ஒரே மாத்திரையில் அடைத்துத் தருவதால் எல்லாமே ஒரே வேலையைச் செய்வதாக ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அட்டையைத் திருப்பி, பெரிய பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம். "வி" என்று இருந்தால் ஒரு கம்பெனியில் அது வோக்லிபோஸ், இன்னொரு கம்பெனியில் வில்டாகிளிப்டின்.

கிளிமிபிரைடு என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால், உங்களுக்கு ரயிலில் ஏன் அப்படி ஆனது என்பதும் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. அதன் பெரும்பகுதி செரிமான நீர் சுரக்கத்தான் இருக்கிறது. இன்சுலின் வேலைக்கு என்று இருப்பது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். சுமார் பத்து லட்சம் பொடித் தீவுகளாக அது உள்ளே சிதறிக் கிடக்கிறது. 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் நுண்ணோக்கியில் பார்த்து இவற்றை முதன்முதலில் விவரித்தார். இந்தத் தீவுகளில் உள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் செய்து, ஆயிரக்கணக்கான சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கின்றன.

ஒரு பீட்டா செல்லை, மடை வைத்த குளமாக நினைத்துக்கொள்ளுங்கள். மடை வழியாகப் பொட்டாசியம் சதா வெளியே கசிந்துகொண்டிருக்கும். அது கசிகிற வரை செல்லின் உள்பக்கம் மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் அமைதியாக இருக்கும், பொட்டலங்கள் அசையாது. நீங்கள் சாப்பிட்டு ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினால் அது செல்லுக்குள் நுழைந்து எரியும். எரிந்து கிடைக்கிற ஆற்றல் மூலக்கூறு, அதாவது ஏடிபி, போய் அந்த மடையை அடைக்கும். பொட்டாசியம் உள்ளேயே தேங்கும், மின்னழுத்தம் ஏறும், கால்சியத்துக்கான கதவு திறக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்த மாத்திரத்தில், செல்லின் ஓரத்தில் தயாராக நிற்கும் பொட்டலங்கள் வெடித்து இன்சுலின் வெளியேறும். முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு வீச்சாக வருவது இது. அதற்குப் பிறகு உள்ளே இருக்கிற பொட்டலங்கள் ஓரத்துக்கு நகர்ந்து வந்து, நிதானமாக இரண்டாவது கட்டம் நடக்கும். டைப் 2 சர்க்கரையில் முதலில் காணாமல் போவது அந்த முதல் வீச்சுதான். சாப்பாட்டுக்குப் பின் பார்க்கும் சுகர் எகிறுவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. குளுக்கோஸ் இறங்கினால் ஏடிபி குறையும், மடை திறந்துகொள்ளும், இன்சுலின் தானாக நின்றுவிடும். அதனால்தான் சர்க்கரை நோய் இல்லாதவர் காலைப் பட்டினியோடு கல்யாண் வரை நின்றுகொண்டே போனாலும் மயங்குவதில்லை.

சல்ஃபோனைல்யூரியா என்ற குடும்பம், அதாவது கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிப்பிசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம், மடையில் நேராகப் பலகையைச் செருகிவிடுகிற மருந்துகள். குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று பலகை பார்ப்பதில்லை. குளுக்கோஸ் 200-இல் இருந்தாலும் அடைக்கும், 75-இல் இருந்தாலும் அடைக்கும். இந்த மருந்தின் பலமும் ஆபத்தும் இந்த ஒரே இடத்தில்தான். 1942-இல் பிரான்சில் மோன்பெலியே நகரத்தில் டைஃபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு சல்ஃபா மருந்து அவர்களுக்குச் சுகரைத் தாழ இறக்கிவிட்டது. அங்கிருந்துதான் இந்தக் குடும்பமே பிறந்தது. அதே ஊரில் லூபாத்தியேர் என்பவர் நாய்களில் சோதித்தபோது, கணையத்தை எடுத்துவிட்ட நாய்க்கு அந்த மருந்து ஒன்றும் செய்யவில்லை. பீட்டா செல் உயிரோடு இருந்தால்தான் இந்த மாத்திரை வேலை செய்யும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இப்போது உங்கள் காலைப்பொழுதை மணிக்கணக்கில் பாருங்கள். கிளிமிபிரைடு வயிற்றுக்குப் போனால் ரத்தத்தில் உச்சத்துக்கு வர இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். ஆறேகாலுக்குப் போட்டால் உச்சம் எட்டேகாலிலிருந்து ஒன்பதேகாலுக்குள். நீங்கள் டப்பாவைத் திறப்பது ஒன்பதரைக்கு மேல். முந்தின இரவு போட்ட மாத்திரையும் ரத்தத்தில் இன்னும் பாக்கி இருக்கும். ஒரு தடவை போட்டால் அதன் வேகம் கிட்டத்தட்ட ஒரு நாள் நிற்கும். வயிற்றில் ஒன்றும் இல்லை, நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டு பயணம், மடையில் பலகை. லோ ஆகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மும்பைக்கே உரிய ஒரு சங்கடமும் இதில் சேர்ந்துகொள்கிறது. காலை லோக்கலில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது, எல்லோருக்கும்தான் படபடக்கிறது. நெரிசல் என்று நினைத்தே முதல் பத்து நிமிடம் போய்விடும். நெரிசல் வியர்வை ஃபேனுக்குக் கீழே நின்றால் அடங்கும். லோவில் வருகிற வியர்வை சில்லென்று இருக்கும். கூடவே கை நடுக்கம், உதட்டைச் சுற்றி மரமரப்பு, திடீர்ப் பசி, பக்கத்தில் நிற்பவர் மேல் காரணமில்லாத எரிச்சல். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரோலால், அட்டனலால் போன்ற மாத்திரை போடுகிறவர் என்றால் நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும் மிஞ்சும்.

உங்கள் பழைய மாத்திரையில் உள்ள மூன்றுமே சாப்பாட்டோடு சேர வேண்டியவை. வோக்லிபோஸ் சாப்பாட்டின் முதல் வாயோடு போகவில்லை என்றால் வீண்; மூன்று மணி நேரம் முன்னால் விழுங்கியது உங்கள் இட்லியை ஒன்றும் செய்யாது. மெட்ஃபார்மின் வெறும் வயிற்றில் குமட்டலையும் வயிற்றுப்போக்கையும்தான் தரும். கிளிமிபிரைடு, அன்றைய முதல் சாப்பாட்டுக்குச் சற்று முன்போ சாப்பாட்டோடோ, ஒரு நாளைக்கு ஒரு தடவை போட வேண்டியது. யாரோ "காலையில் போடுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். நீங்கள் அதை எழுந்ததும் போட வேண்டியதாக எடுத்துக்கொண்டீர்கள். இந்தப் பிசகு உங்கள் ஒருவருடையது இல்லை. விரார், பன்வேல், டோம்பிவிலி என்று தூரத்திலிருந்து விடியலில் கிளம்புகிற பலருக்கும் இதுதான் நடக்கிறது. இந்தக் குடும்ப மாத்திரையை வைத்துக்கொண்டு சீக்கிரம் கிளம்புகிற எவருக்கும் வழி ஒன்றுதான்: சாப்பாடு எங்கேயோ மாத்திரை அங்கே. வீட்டிலேயே இரண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போடலாம். இல்லையேல் டப்பாவோடு மாத்திரையையும் ஆபீஸுக்குக் கொண்டுபோகலாம்.

உங்கள் 6.4 பற்றியும் ஒரு வார்த்தை. ஹெச்பிஏ1சி என்பது சுமார் மூன்று மாதச் சராசரி. லோ ஆன நேரங்களும் சேர்ந்துதான் அந்தச் சராசரி இறங்குகிறது. லோ ஆகாமல் 6.4 வந்தால் சந்தோஷப்படலாம். மூன்று தடவை ரயிலில் கண் இருட்டி வந்த 6.4, மாத்திரை அளவு உங்களுக்கு அதிகம் என்கிற எச்சரிக்கை.

சரி, பிழிந்து பிழிந்து கணையம் சக்கையாகிவிடுமா? கரும்பு வெட்டின பிறகு புதிதாகச் சாறு ஊறாது. பீட்டா செல் அப்படி இல்லை, தினமும் புது இன்சுலினைச் செய்துகொண்டே இருக்கும். ஆனால் டைப் 2 சர்க்கரையில் அந்தச் செய்திறன் வருடா வருடம் குறைகிறது, மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும். இங்கிலாந்தில் 1977-இல் தொடங்கி 1998-இல் முடிவுகள் வெளியான யூகேபிடிஎஸ் ஆய்வில், நோய் கண்டுபிடித்த நாளிலேயே பீட்டா செல் திறனில் சுமார் பாதி போயிருந்தது தெரிந்தது. அதன் பிறகு உணவுக் கட்டுப்பாடு மட்டும் இருந்தவர்கள், சல்ஃபோனைல்யூரியா போட்டவர்கள், மெட்ஃபார்மின் போட்டவர்கள் மூவருக்குமே திறன் இறங்கிக்கொண்டுதான் வந்தது. மாத்திரையே போடாதவர்களுக்கும் இறங்கியது என்பதை அண்ணாச்சியிடம் சொல்லுங்கள்.

ஆனால் அவர் பயத்தில் ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். 2006-இல் வெளியான அடாப்ட் ஆய்வில் ஒரே ஒரு மாத்திரையில் மட்டும் ஆரம்பித்தவர்களை ஐந்து வருடம் கவனித்தார்கள். அந்த ஒரு மாத்திரை போதாமல் போனது கிளிபென்கிளமைடு போட்டவர்களில் 34 சதவீதம், மெட்ஃபார்மின் போட்டவர்களில் 21 சதவீதம். சல்ஃபோனைல்யூரியா முதல் வருடத்தில் வேகமாக இறக்கும். பிறகு பிடிப்பு தளரும். அதற்கு மாத்திரை செல்லைக் கொன்றுவிடுகிறது என்றுதான் அர்த்தம் என்பதில்லை. எப்போதும் மடை அடைத்தே கிடந்தால் செல் அந்த அழுத்தத்துக்கு மந்தமாகிவிடுவதும் உண்டு. எப்படி இருந்தாலும், இத்தனை மருந்துகள் இருக்கிற காலத்தில் உங்கள் வயதில், உங்கள் வேலை நேரத்தில் இருப்பவருக்கு முதல் தேர்வாக இதைத் தர வேண்டியதில்லை என்பதே என் கருத்து. விலை மலிவு, இறக்கும் வேகம் அதிகம் என்பதால் இன்னும் நிறைய பேருக்கு இது தேவைப்படுகிறது; நேரத்துக்குச் சாப்பிடுகிறவருக்குச் சின்ன அளவில் கொடுத்தால் நன்றாகவே வேலை செய்யும்.

பீட்டா செல்லை நிச்சயமாகக் கெடுப்பது ஒன்று இருக்கிறது: நாட்கணக்கில் ஏறியே கிடக்கும் சர்க்கரை. 200-க்கு மேல் தொடர்ந்து குளித்துக்கொண்டிருக்கும் செல், குளுக்கோஸ் ஏறியதையே உணராமல் மரத்துப்போகும். சுகர் இறங்கினால் அதில் ஒரு பங்கு மீண்டுவரும். கணையத்துக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்து நீங்கள் நிறுத்திய பத்து நாளில் அதற்குக் கிடைத்தது ஓய்வு இல்லை, கூடுதல் சுமை.

கணையத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. இன்சுலின் உருவாகும்போது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு சி-பெப்டைடு வெட்டுப்பட்டு வெளியேறும். அதை எண்ணினால் கணையத்தின் உற்பத்தி தெரியும். ஆனால் இப்போது ஓடிப்போய்ச் செய்யாதீர்கள். ஃபாஸ்டிங் 212 இருக்கும்போது செல் மரத்துப்போய்க் குறைவாகக் காட்டி உங்களை வீணாகப் பயமுறுத்தும். சுகர் கட்டுக்குள் வந்து சில வாரம் கழித்து, அதே ரத்தத்தில் குளுக்கோஸும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

இனி சிட்டாகிளிப்டின். இதுவும் இன்சுலினைக் கூட்டுகிறது. ஆனால் மடையில் கை வைப்பதில்லை. நாம் சாப்பிட்டதும் குடல், ஜிஎல்பி-1 என்றொரு ஹார்மோனை ரத்தத்தில் விட்டு, "சாப்பாடு வருகிறது" என்று பீட்டா செல்லுக்கு முன்தகவல் சொல்லும். அந்த ஹார்மோனின் ஆயுள் இரண்டொரு நிமிடம்தான். டிபிபி-4 என்ற நொதி உடனே கத்தரித்துவிடும். சிட்டாகிளிப்டின் அந்தக் கத்தரியைப் பிடித்து நிறுத்துகிறது. ஹார்மோன் கூடுதல் நேரம் தங்கும், செல் கூடுதல் பொட்டலங்களை விடும். ஜிஎல்பி-1 தானாக மடையை அடைப்பதில்லை. குளுக்கோஸ் ஏறி மடை அடைபட்டு, கால்சியம் உள்ளே வர ஆரம்பித்த செல்லில்தான் அது வேகத்தைக் கூட்டும். சர்க்கரை இறங்கினால் அதன் பேச்சு எடுபடாது. கூடவே, ஈரலைச் சர்க்கரை கொட்டச் சொல்லும் குளுக்ககான் என்ற எதிர் ஹார்மோனையும் சாப்பாட்டு நேரத்தில் அடக்கும்.

அதனால் சிட்டாகிளிப்டினும் மெட்ஃபார்மினும் மட்டும் போடுகிற வரை லோ ஆவது அபூர்வம். இதே குடும்பத்து லினாகிளிப்டினையும் உங்கள் கிளிமிபிரைடையும் ஆறு வருடத்துக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த கரோலினா ஆய்வு 2019-இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் இவற்றில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. லோ ஆனவர்கள் லினாகிளிப்டினில் நூற்றுக்கு 10.6, கிளிமிபிரைடில் 37.7. தினம் ரயிலேறுகிற உங்களுக்கு நான் முக்கியமாகப் பார்ப்பது இந்தக் கடைசி எண்ணைத்தான்.

ஆகவே புதிய டாக்டர் செய்தது நல்ல மாற்றம். தயங்காமல் போடுங்கள். அட்டையில் 50/500 என்று இருந்தால் முதல் எண் சிட்டாகிளிப்டின், இரண்டாவது மெட்ஃபார்மின். சிட்டாகிளிப்டினை எப்போது வேண்டுமானாலும் போடலாம்; மெட்ஃபார்மின் கூட இருப்பதால் சாப்பாட்டோடு போடுங்கள். எஸ்ஆர் (மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை) என்று இருந்தால் உடைக்கவோ கடிக்கவோ கூடாது. மருந்து வெளியேறிய பின் மாத்திரையின் கூடு மட்டும் சில நேரம் மலத்தில் முழுசாக வரும். மாத்திரை கரையவில்லை என்று பயப்பட வேண்டாம். சிறுநீரக வடிகட்டும் வேகம், அதாவது ஈஜிஎஃப்ஆர், 45-க்குக் கீழே போனால் சிட்டாகிளிப்டின் ஒரு நாளைக்கு 50 மி.கி. போதும், 30-க்குக் கீழே 25. மேல்வயிற்றில் கடுமையான வலி வந்து முதுகுக்குப் பாய்ந்து, வாந்தியும் சேர்ந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கணைய அழற்சி இந்தக் குடும்பத்தில் அரிது. ஆனால் கவனிக்க வேண்டியது. சுகர் இறங்கும் அளவு பழைய மாத்திரையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். 6.4 வரவில்லையே என்று பதறாதீர்கள். லோ இல்லாமல் 7-க்குப் பக்கத்தில் நின்றால் உங்களுக்கு அது நல்ல கட்டுப்பாடு.

போதவில்லை என்றால் அடுத்து டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் பேச்சு வரலாம். அவை கணையத்தின் பக்கமே போவதில்லை. தினம் 60 முதல் 80 கிராம் குளுக்கோஸைச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும்; இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. ஆனால் முதல் சில வாரம் அடிக்கடி போக வேண்டியிருக்கும், லோக்கல் ரயிலில் கழிவறை கிடையாது. அதனால் ரயில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிப்பது உத்தமம். பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். தண்ணீர் விட்டுக் கழுவி ஈரமில்லாமல் வைத்திருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, முழு நாள் விரதம், ஆபரேஷன் இவற்றின்போது இந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் சுகர் 200-க்குள் இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிற விபரீதம் நடக்கலாம். பயோகிளிட்டசோன் தசையிலும் கொழுப்பிலும் இன்சுலின் எடுபட வைக்கிற மருந்து. கால் வீங்கும், எடை ஏறும், இதயம் பலவீனமானவருக்கு ஆகாது. உங்களுக்கு இப்போது அதற்கு அவசியம் தெரியவில்லை.

சர்க்கரை போட்ட டீ குடித்தும் ஏன் அரை மணிக்கு மேல் ஆனது? காரணம் வோக்லிபோஸ். டீயில் போடும் சர்க்கரையும் பிஸ்கட்டும் குடலில் உடைந்தால்தான் குளுக்கோஸ் கிடைக்கும். உடைக்கிற நொதியைத்தான் வோக்லிபோஸ் கட்டிப் போட்டிருக்கிறது. அகார்போஸும் அப்படித்தான். இந்த இரண்டில் ஒன்றைக் கிளிமிபிரைடோடு சேர்த்துப் போடுகிறவர் லோ ஆனால் சர்க்கரை, வெல்லம், சாக்லேட், மிட்டாய் எதையும் நம்பக் கூடாது. உடைக்கத் தேவையில்லாத சுத்தமான குளுக்கோஸ் பொடி வேண்டும். மாத்திரை எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. சொல்லாமல் விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது ஆறுவதில்லை.

மருந்துக் கடையில் வாசனை சேர்க்காத சாதாரண குளுக்கோஸ் பொடி 100 கிராம் வாங்குங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை வாசனை போட்டவற்றில் சாதாரணச் சர்க்கரையும் கலந்திருக்கலாம், பெட்டியில் படித்துப் பாருங்கள். மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் 15 கிராம் வீதம் நிறுத்துச் சின்ன ஜிப் கவரில் போட்டால் ஆறு பொட்டலம் வரும். சட்டைப் பையில் ஒன்று, ஆபீஸ் மேஜையில் இரண்டு, வீட்டில் மூன்று. மழைக்காலத்தில் கட்டிதட்டும், அப்போது மாற்றிவிடுங்கள். அறிகுறி வந்தால் அல்லது மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், ஒரு பொட்டலத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70-க்கு ஏறவில்லை என்றால் இன்னொன்று. ஏறியதும் நின்றுவிடாமல் ஏதாவது சாப்பிட வேண்டும். கிளிமிபிரைடின் பலகை இன்னும் மடையில்தான் இருக்கிறது, அதனால் லோ திரும்பி வரும். அன்று முழுக்க மூன்று நான்கு மணிக்கு ஒரு தடவை பாருங்கள், தனியாகப் பயணம் வேண்டாம். ரயிலில் என்றால் கூச்சப்படாமல் பக்கத்தில் இருப்பவரிடம் "சுகர் கம் ஹோ கயா" (சுகர் குறைந்துவிட்டது) என்று சொல்லி உட்கார இடம் கேளுங்கள், உடனே கிடைக்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். 108-ஐக் கூப்பிட வேண்டும்.

கிளிமிபிரைடை விட்டாலும் இன்னொரு நாள் யாராவது அதை மறுபடி எழுதலாம். அப்படிப் போடும் நாட்களில் ஒன்றை மறக்காதீர்கள். மழைக்காலத்தில் தொடை இடுக்கில் படர்தாமரை வந்தால், சரும டாக்டர் ஃபுளூகோனசோல் எழுதுவது உண்டு. கிளிமிபிரைடை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியை அது தடுத்துவிடும். அதே 2 மி.கி. மூன்று நான்கு மி.கி. போல வேலை செய்யும். சல்ஃபா ஆன்டிபயாட்டிக்கும், லீவோஃபிளாக்சசின் போன்றவையும் லோ ஆக்கக் கூடியவை. எந்த டாக்டரிடம் போனாலும் சுகர் மாத்திரை அட்டையைக் காட்டிவிடுங்கள். வெறும் வயிற்றில் மது என்பது அதைவிட மோசம், ஈரல் அவசரத்துக்குச் சர்க்கரை கொடுப்பதையே அது நிறுத்திவிடும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான். 74 வயதுப் பெண்ணுக்குக் கிரியாட்டினின் 1.6 என்றால் ஈஜிஎஃப்ஆர் 33, 34 அளவில் இருக்கும். கிளிபென்கிளமைடு இந்தக் குடும்பத்திலேயே நீளமாகப் பிடிக்கிற மருந்து. ஈரலில் உடைந்த பிறகும் அதன் துண்டுகள் சுகரை இறக்கும், அவை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பில் அவை சேர்ந்துகொண்டே போகும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே, 60 வயதுக்கு மேல் கிளிபென்கிளமைடு பொருத்தமில்லை என்கிறது. இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் அதை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரகத்துக்காக அளவு குறைக்கத் தேவையில்லாத லினாகிளிப்டின் 5 மி.கி. அவருக்கு ஒத்துப்போகும். மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1000 மி.கி.தான் அவருக்கு மேல் எல்லை. அதை அவர் இப்போதே தொட்டுவிட்டார். ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் அதையும் நிறுத்த வேண்டும். அவர் வயதில் ஹெச்பிஏ1சி 8-க்குப் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

வயதானவர்களுக்கு லோ எப்போதும் வியர்வையும் நடுக்கமுமாக வராது. மூளைக்குச் சர்க்கரை போதாமல் ஆள் மாறிப் பேசுவது, நாக்கு குழறுவது, காரணமில்லாமல் கோபப்படுவது, சுருண்டு படுத்துவிடுவது என்று வரும். மதியம் அரை இட்லியோடு எழுந்துவிட்ட நாளின் சாயங்காலங்களில்தான் அப்படிக் கூப்பிடுகிறாரா என்று யோசித்துப் பாருங்கள். வயசு என்று முடிவு கட்டுவதற்கு முன், அடுத்த தடவை பெரிய மாமா பேரைச் சொன்ன அந்த நிமிடமே விரலில் குத்தி மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், விழுங்குகிற தெளிவு இருக்கும்போதே 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, சரியாகிவிட்டார் என்று தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். அவருக்கு ஒரு நாளாவது அங்கே வைத்து மணிக்கொரு தடவை பார்க்க வேண்டியிருக்கும். கிளிபென்கிளமைடு லோ, டிரிப்பில் ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் நடு ராத்திரியில் திரும்பி வரும். போகும்போது அந்த மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.